அம்மாயி பேசட்டும்: டேப்ல டாக்டரைப் பார்த்த கதை

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். நாமகிரிப்பேட்டை. நாதஸ்வரம் கிருஷ்ணன் ஐயா ஊரு, மஞ்சள் விளையிற ஊரு. அங்க எங்க அம்மாயி தனியா இருக்காங்க. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. கொஞ்ச நாளா காலைல தலை சுத்துதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நாங்க எல்லாரும் "வயசாச்சுல்ல"ன்னு விட்டுட்டோம்.

என் டேப்ல இ-சஞ்சீவனி ஓபிடி போட்டுப் பார்க்கலாம்னு தோணுச்சு. இது ஒன்றிய அரசோட இலவச சேவை. மொகாலியில இருக்கிற சி-டாக் உருவாக்கினது. 2020 ஏப்ரல் 13ல, ஊரடங்கு நேரத்துல தொடங்கினாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மார்ச் 25ல தான் தொலை மருத்துவத்துக்கான வழிமுறைகளே வந்தது. மொபைல் நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு, டோக்கன் எடுத்துக் காத்திருக்கணும். அவ்வளவுதான்.

முதல் தப்பு, அம்மாயியை வாசக்கதவுக்கு முதுகு காட்டி உட்கார வெச்சேன். பின்னாடி வெளிச்சம், முகமே இருட்டு. திருப்பி உட்கார வெச்சு, டேப்பைச் சொம்புல சாய்ச்சு நிறுத்தினேன். மாத்திரை அட்டைங்களையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கு வந்து பார்த்த சுகர், பிரஷர் அளவையும் எடுத்து வெச்சேன்.

ரெண்டாவது தப்பு தான் பெருசு. டாக்டர் அம்மாயிகிட்ட கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். "சாப்பிடறாங்களா?" "நல்லா சாப்பிடறாங்க டாக்டர்." அவர் சிரிச்சுட்டே, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, பாட்டி பேசட்டும்"னார்.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மாயியே கூப்பிட்டாங்க. விஷயம் இதுதான்: விடியறப்பவே வரக்காப்பியோட சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிடாம மஞ்சக்காட்டுக்குக் களை வெட்டப் போறாங்க. சில சுகர் மாத்திரைங்க சாப்பாடு இல்லாம உள்ள போனா, சர்க்கரை ரொம்ப இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், தலை சுத்தும். சர்க்கரை இறங்கினதால இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். சாப்பாட்டோட மாத்திரை போடச் சொன்னார், மடியில சர்க்கரைப் பொட்டலம் வெச்சுக்கச் சொன்னார், மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்க்கச் சொன்னார். மருந்துச் சீட்டு ஸ்கிரீன்லயே வந்துடுச்சு.

"ஏன் அம்மாயி எங்ககிட்ட சொல்லல?"ன்னு கேட்டேன்.

"சொன்னா உங்கம்மா காட்டுக்குப் போகாதேம்பா, கண்ணு."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நாங்க கேட்டிருந்தா நிஜமாவே அதைத்தான் சொல்லியிருப்போம். டாக்டர் காட்டுக்குப் போகாதேன்னு சொல்லவே இல்ல, சாப்பிட்டுட்டுப் போங்கன்னார்.

ஒண்ணு மறக்காதீங்க. டேப் வயித்தை அமுக்கிப் பார்க்காது, நெஞ்சுல ஸ்டெத் வெக்காது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்னு வாய் கோணுறது, கை கால் வராம போறது, இதுக்கெல்லாம் டோக்கன் எடுத்து உட்காராதீங்க. உடனே 108.

மத்தபடி, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு டேப்பை ஆன் பண்ணிக் கொடுங்க. கொடுத்துட்டு, எந்திரிச்சு வெளிய போயிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.