லைன் போச்சு என்று சொல்லும் முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்டர்நெட் பெட்டியில் எரியும் விளக்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். "நான் பி.காம். படித்த கிளார்க், இன்ஜினியர் இல்லையே" என்றேன். "அதனால்தான் சார் கேட்கிறேன், எல்லோருக்கும் புரியும்" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்னும் விளங்கவில்லை.

இந்த விளக்குகளைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது ஒரு நாள் பட்ட அவமானத்தில். 1990களின் கடைசி. எங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓர் எக்ஸ்டென்ஷன் கவுண்டர். அங்கே நான், ஒரு கேஷியர், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரின் சீரியல் கேபிளை 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் நம்பக்கூடாது என்பது அந்தக் கால விதி. அதனால் டெலிபோன் துறையிடம் செம்புக் கம்பியை வாடகைக்கு எடுத்து, இரண்டு முனையிலும் குறுகிய தூர மோடம் வைத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள்.

அன்று மாதத்தின் முதல் வேலை நாள். பென்ஷன் எடுக்க வந்தவர்கள் வாசல் வரை நிற்கிறார்கள். கணக்கு எண்ணைத் தட்டினால் திரையில் ஒன்றும் வரவில்லை. "லைன் இல்லை" என்று அட்டை எழுதி மாட்டிவிட்டு, டெலிபோன் துறையைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, "நாளைக்கு வரட்டுமா தம்பி?" என்று கேட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் லைன்மேன் வந்தார். பையைக்கூடத் திறக்கவில்லை. மோடத்தைப் பார்த்தார். "சார், டிசிடி விளக்கு நின்னு எரியுது. அந்தப் பக்க மோடத்தோட சிக்னல் வந்துட்டிருக்கு, கம்பி நல்லா இருக்கு. நீங்க தட்டுங்க" என்றார். தட்டினேன். "டிடி விளக்கு மினுக்கணும், மினுக்கல. உங்க கம்ப்யூட்டர்ல இருந்து மோடத்துக்கே ஒண்ணும் வரல" என்றவர், பின்னால் கையை விட்டார். 25 முனை கேபிள் பாதி கழன்று தொங்கியது. திருகை நான்தான் இறுக்காமல் விட்டிருந்தேன். காலையில் பெருக்கும்போது துடைப்பம் பட்டிருக்கிறது.

போகும் முன் ஒரு வித்தையும் காட்டினார். மோடத்தில் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் நாம் அனுப்புவது கம்பிக்குப் போகாமல் நம் மோடத்திலேயே திரும்பி வரும். சுவரில் பந்தடித்துப் பிடிப்பதுபோல. இன்னொரு சுவிட்ச் போட்டால் எதிர்முனை மோடம் வரை போய்த் திரும்பும். மோடமே 511 பிட் கொண்ட ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பி, அப்படியே வருகிறதா என்று ஒப்பிடும். தப்பு வந்தால் எர்ரர் விளக்கு மினுக்கும். பக்கத்துச் சுவர் சரி, தூரத்துச் சுவர் தப்பு என்றால் கோளாறு நடுவிலுள்ள கம்பியிலோ எதிர்முனை மோடத்திலோ. டே புக் டாலி ஆகாவிட்டால் பாதி பாதியாகப் பிரித்துக் கூட்டிப் பார்ப்போமே, அதே கதைதான்.

இப்போது நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. விளக்குகளின் பெயரும் மாறிவிட்டது, வேலை மாறவில்லை. பான் என்ற விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால், வெளியிலிருந்து வரும் இழை நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கத்துக் கருவி நம் பெட்டியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மினுக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஏற்கவில்லை. லாஸ் என்ற விளக்கு சிவப்பானால் வெளிச்சமே போதிய அளவு வரவில்லை. அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை.

நம் பி பிளாக்கில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு நான்கு நாள் நெட் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு பேச்சு அதன் வழியாகத்தான். போனில் கேட்டவர்கள் தினமும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்கள், அவரும் பண்ணினார். நான் போய்ப் பார்த்தால் சிவப்பு. பெயின்ட் அடித்தவர்கள் ஷூ ரேக்கைச் சுவரோடு தள்ளியதில் இழை மடங்கிக் கிடந்தது. விடுவித்ததும் சிவப்பு அணைந்தது, பச்சை மினுக்கி, நின்றது. உடைந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் "லாஸ் சிவப்பு" என்ற இரண்டே வார்த்தையை முதல் நாளே சொல்லியிருந்தால், ஆளை அனுப்ப வேண்டிய கோளாறு என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

லைன் தரத்தையும் பார்க்கலாம். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் போட்டிருப்பதைப் பார்த்து ஓவர்டிராஃப்ட் என்று பயப்பட வேண்டாம். மைனஸ் 20 வாக்கில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் விளிம்பில் இருக்கிறது. 3 குறைந்தால் வெளிச்சம் பாதி என்று அர்த்தம். நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை குறித்து வையுங்கள்; ஒப்பிட அதுதான் பயன்படும்.

விளக்கெல்லாம் பச்சை, ஆனால் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? படுக்கையறையில் நின்று வேகம் பார்த்துவிட்டுக் கம்பெனியைத் திட்டாதீர்கள். லேப்டாப்பைக் கேபிளில் நேராகப் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள். அப்போது வேகம் சரியாக வந்தால் குறை வைஃபையில். நம் அடுக்குமாடியில் சுவருக்குச் சுவர் ஒரு வைஃபை, எல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. அதற்காகப் புது லைன் வாங்குவது தண்டச் செலவு.

பச்சை நிற இழைப் பிளக்கைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். தூசி பட்டால் லைனுக்கும் கெடுதல்.

ரிப்பேருக்கு ஆள் வந்தால் ஷாஃப்ட் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். சந்தேகம் இருப்பவர்கள் பெட்டியின் விளக்குகள் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு.