வாலிபர் தேகாப்பியாசமும் மன க்ஷேமமும்

(கிராம ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)



கடன், வட்டி, தவணை இவற்றைப் பேசவே நான் இங்கு வருவது வழக்கம். இன்று வேறொரு மூலதனத்தைக் குறித்து, அதாவது வாலிபப் பருவத்திலுள்ள நம் பிள்ளைகளின் மனத்தைக் குறித்து, சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் பள்ளி இறுதிப் பரீக்ஷைக்குப் படித்த வருஷம், என் தகப்பனார் விளையாட்டை அடியோடு நிறுத்தினார். நல்லெண்ணத்துடனேயே செய்தார். ஆயினும் இரண்டு மாதத்திற்குள் எனக்கு நித்திரை கெட்டது. படித்தது மனத்தில் தங்கவில்லை. காரணமின்றி அழுகை வந்தது. மாலையில் சடுகுடு ஆட மீண்டும் அனுமதி கிடைத்த பின்னரே மனம் தெளிந்தது.

இதன் காரணம் யாது? ஓடியாடுவதால் மூளைக்கு இரத்த ஓட்டம் மிகுகிறது, உறக்கம் நன்றாய் வருகிறது, கவலை தணிகிறது, தோழர்களின் கூட்டுறவால் தனிமை அகலுகிறது. 5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம் உடலுக்கு உழைப்புத் தரவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் யோசனை கூறியுள்ளது. 2016-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயதுள்ளோரில் 100-க்கு 81 பேர் இவ்வளவு செய்யவில்லை. பெண்களை மட்டும் பார்த்தால் 100-க்கு 85.

'என் மகன் வயலில் பாடுபடுகிறானே, அது போதாதா?' என்று கேட்பீர்கள். தேகத்திற்கு அது பயிற்சியே. ஆனால் கட்டாயத்தின் பேரில் செய்யும் வேலை வேறு. இஷ்டப்பட்டுத் தோழருடன் சிரித்து ஆடும் ஆட்டம் வேறு. மனத்திற்குப் பின்னதே அதிகம் உதவும். பெண்மக்களை ருதுவானவுடன் ஆட்டத்தினின்று நிறுத்துவதும் தகாது.

ஒன்றை மறவாதீர்கள். தேகாப்பியாசம் சர்வரோக நிவாரணியன்று. பல நாள் சரிவர உண்ணாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை, அல்லது சாவைப்பற்றிப் பேசும் பிள்ளையை, 'சோம்பேறி' என்று ஏசாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய 14416 என்ற டெலிபோன் எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

அறுவடைக் காலம் போக மற்ற நாட்களில் நம் சங்கக் கிடங்கின் பின்னுள்ள களம் வெறுமையாய்க் கிடக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கத் தீர்மானம் செய்யுங்கள். கோடு போடச் சிறிது சுண்ணாம்பே செலவு. அடுத்த முறை நான் வரும்பொழுது, பேரேட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தக் களத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.