பட்டறையிலிருந்து வந்த சிற்பி

(பாப்பாரப்பட்டியில் பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளுக்காகக் குரல் கொடுத்த சுப்பிரமணிய சிவா, 1925ல் கண்மூடிய ஊர் இது. இங்கே நின்று, கடல் கடந்த ஒரு பட்டறைக்காரரைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் பெயர் ஜூலியோ கொன்சாலெஸ். நவீன இரும்புச் சிற்பத்தின் முன்னோடி.

"நாங்கள் கேட் செய்கிறவர்கள், ஜன்னல் கம்பி போடுகிறவர்கள். கலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு அவர் வாழ்க்கையே பதில்.

1876ல் ஸ்பெயின் தேசத்து பார்ஸலோனாவில் பிறந்தார். தகப்பனார் உலோக வேலைக்காரர். அண்ணனும் தம்பியும் அந்தப் பட்டறையிலேயே தொழில் கற்றார்கள். பகலில் சம்மட்டி, இரவில் சித்திர வகுப்பு. பின்னர் பாரிஸ் போனார். ஓவியராக வேண்டும் என்பது ஆசை, வயிற்றுப்பாடு விடவில்லை. நகைகளும் அலங்காரச் சாமான்களும் செய்து பிழைத்தார். 1918ல் ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது கேஸ் வெல்டிங் கற்றார்.

அந்தக் காலத்தில் சிற்பம் என்றால் என்ன? கல்லைக் கொத்துவது, அல்லது களிமண்ணில் உருப்பிடித்து வெண்கலத்தில் வார்ப்பது. இரும்பு கலப்பைக்கும் பீரங்கிக்கும்தான். கொன்சாலெஸ் தகட்டை வெட்டினார், வளைத்தார், கம்பியோடு கம்பியைப் பற்றவைத்தார். நடுவில் விட்ட வெற்றிடமும் சிற்பத்தின் ஓர் உறுப்பாயிற்று. 1928ல் பிக்காஸோவே உதவி கேட்டு வந்தார். உலகப் புகழ் ஓவியருக்கு வெல்டிங் தெரியாது! கொன்சாலெஸின் கை அதைச் செய்து கொடுத்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய சிறந்த படைப்புகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1936ல் ஸ்பெயின் குடியரசின் மீது பிராங்கோ முதலிய தளபதிகள் பாய்ந்தார்கள். மறு ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சி. குடியரசின் மண்டபத்தில் பிக்காஸோவின் 'குவெர்னிகா' ஓவியம். அதே மண்டபத்தில் கொன்சாலெஸின் 'மொன்செராட்'. இரும்புத் தகட்டில் செய்த ஒரு குடியானவப் பெண். தலையில் முக்காடு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் அரிவாள். அவள் அழவில்லை, நிமிர்ந்து நிற்கிறாள்.

பின்பு பிரான்சை நாஜிகள் பிடித்தார்கள். வெல்டிங் செய்ய கேஸ் கிடைக்கவில்லை. சும்மா இருந்தாரா? காகிதத்தில் வரைந்தார், சுண்ணச் சாந்தில் உரு அமைத்தார். 1942 மார்ச் 27ல் இறந்தார். அலறும் மொன்செராட்டின் தலையையும் கையையும் விட்டுப்போனார். அந்தச் சிற்பம் முடியவில்லை.

அவர் வழி முடியவில்லை. அமெரிக்காவில் மோட்டார் தொழிற்சாலையிலும், யுத்த காலத்தில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையிலும் உழைத்த டேவிட் ஸ்மித், கொன்சாலெஸை முன்னோடியாக ஏற்று எஃகில் சிற்பம் படைத்தார். நம் சென்னையிலும் ஜானகிராம் (1930–1995) உலோகத் தகட்டில் சிற்பம் செய்தார்; 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

நமக்கு இரும்பு புதிதா? பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுப் பழக்கம்!

எல்லோரும் சிற்பியாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பார்ஸலோனாப் பையனுக்குப் பட்டறையும் இருந்தது, இரவு வகுப்பும் இருந்தது. நம் பையன்களுக்குப் பட்டறை மட்டுமே இருக்கிறது. வாரம் ஓர் இரவு, ஒரு சித்திர ஆசிரியர், ஒரு விளக்கு. இதை நாம் சேர்ந்து ஏற்படுத்த முடியாதா? இந்தக் கூட்டம் கலையும் முன் பதில் சொல்லுங்கள், தோழர்களே!