ஐந்து பேர், மூன்று கதவுகள்

(நமது கிளப் ஹவுசில் நடந்த பொழுதுபோக்குக் கண்காட்சியில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

 

பிளாஸ்டிக் மாடல் கட்டுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்காட்சி அறிவிப்போடு என் டாங்கியின் படத்தையும் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த சி பிளாக் அம்மா ஒருவர், "ஆளைக் கொல்லும் வண்டியைப் பிள்ளைகள் முன்னால் அழகுப் பொருளாக வைப்பது சரியா?" என்று கேட்டிருந்தார். சிலர் அவரிடம் கோபப்பட்டார்கள். தேசப்பற்று இல்லையா என்றுகூட ஒருவர் எழுதினார். அது தேவையில்லாத பேச்சு. கேள்வி நியாயமானது. அந்த அம்மாவும் இங்கே வந்திருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மேசைமேல் இருப்பது என்ன? இதன் பெயர் ஷெர்மன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய டாங்கி. எல்லா வகையும் சேர்த்து 49,000-க்கும் மேல் கட்டினார்கள். நான் கட்டியிருப்பது எம்4ஏ4 என்ற வகை. பிரிட்டிஷ்காரர்கள் இதை ஷெர்மன் 5 என்பார்கள். அளவு 35-இல் ஒன்று. அதாவது நிஜத்தில் 35 சென்டிமீட்டர் இருந்தால் இதில் ஒரு சென்டிமீட்டர். ஆறு மீட்டர் நீள வண்டி இங்கே 17 சென்டிமீட்டர். சராசரி உயரமுள்ள ஒரு மனிதர் ஐந்து சென்டிமீட்டர்கூட வரமாட்டார்.

ஏன் 35 என்ற விசித்திரமான எண் என்று பலர் கேட்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பான்தர் என்ற ஜெர்மன் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்குகிற மாதிரி உடலைச் செய்தபோது அந்த அளவு வந்தது. அதையே பிறகு உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வகை ஷெர்மனுக்குள் இருந்த எஞ்சின் தனிக் கதை. டாங்கி எஞ்சின் போதாத காலம் அது. கிரைஸ்லர் நிறுவனம் ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாக இணைத்து 30 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தது. அது உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக வண்டியின் உடலை 11 அங்குலம் நீட்டினார்கள். மாடலில் அது எட்டு மில்லிமீட்டர். அந்த எட்டு மில்லிமீட்டரில்தான் நான் மாட்டினேன்.

இருபது வருடமாக மாடல் கட்டுகிறேன். ஷெர்மனே நான்கு கட்டியிருக்கிறேன் என்ற தைரியத்தில் குறிப்புத் தாளைச் சரியாகப் படிக்கவில்லை. சாதாரண ஷெர்மனுக்கு ஒரு பக்க டிராக்கில் 79 கண்ணிகள். ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, ஒட்டிக் கோத்து முடிக்க மூன்று மாலை ஆனது. சக்கரங்களைச் சுற்றிப் போட்டால் முனைகள் சேரவில்லை. பதினேழு மில்லிமீட்டர் இடைவெளி. எங்கே தப்பு என்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பேத்தி, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், குறிப்புத் தாளை எடுத்துப் படித்துவிட்டு, "தாத்தா, இதுல 83-னு போட்டிருக்கே" என்றாள். நீட்டிய உடலுக்கு நீண்ட டிராக். நான்கு கண்ணி குறைவு. அன்றிலிருந்து அவள் என் மேற்பார்வையாளர்.

கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். கையால் முறிக்காதீர்கள். சிறு நிப்பரால் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை உண்மையில் பசை அல்ல. பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிற திரவம். அதனால் ஒரு துளி போதும். அதிகமானால் விரல் ரேகை அப்படியே வண்டியில் பதிந்துவிடும். என்னுடைய முதல் மாடலில் என் ரேகை இன்னமும் இருக்கிறது.

இந்த ஷெர்மனின் கோபுரம் வார்ப்பு எஃகு, உடல் தகடுகளைப் பற்றவைத்தது. இரண்டும் ஒரே மாதிரி வழவழப்பாக இருந்தால் பொம்மைதான். கோபுரத்தின்மேல் திரவத்தைத் தடவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினேன். அதன்மேல் பிரைமர், ஆலிவ் பச்சை, பிறகு இடுக்குகளில் நீர்த்த பழுப்பு. ஆறு வாரம் ஆனது.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சிறு சதுரத் தகடுகளை உடலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. முன்பு கட்டிய ஷெர்மன்களிலும் ஒட்டியிருக்கிறேன். "இது எதுக்கு தாத்தா?" என்றாள். இரும்பைக் கெட்டியாக்க என்றேன். "அப்ப ஏன் மூணு இடத்துல மட்டும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக ஒட்டுகிறேன், கேட்டுக்கொண்டதே இல்லை.

படித்துப் பார்த்தேன். அந்த மூன்று இடத்திற்கும் நேர் பின்னால்தான் குண்டு அடுக்கும் அலமாரிகள். இந்த வண்டிக்குள் 97 பீரங்கிக் குண்டுகள் இருக்கும். பக்கவாட்டுத் தகட்டின் கனம் 38 மில்லிமீட்டர். மாடலில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எதிரியின் குண்டு அதைத் துளைத்து உள்ளே இருக்கும் குண்டுகளில் பட்டால் வண்டி சில நொடிகளில் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் பின்னாளில் வெளியே ஒட்டுப் போட்டார்கள். கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு மாதிரிதான். பிறகு வந்த ஷெர்மன்களில் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, தண்ணீர் சூழ்ந்த பெட்டிகளில் வைத்தார்கள். 1945-இல் அமெரிக்க ராணுவம் கணக்குப் பார்த்தது. பழைய முறையில், துளைக்கப்பட்ட டாங்கிகளில் 60 முதல் 80 சதவீதம் தீப்பிடித்தன. புதிய முறையில் 10 முதல் 15 சதவீதம். என் மேசையில் இருப்பது பழைய முறை வண்டி.

அதைக் கேட்ட பிள்ளை மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ளே எத்தனை பேர் தாத்தா?" ஐந்து பேர். முன்னால் ஓட்டுநர், பக்கத்தில் துணை ஓட்டுநர். கோபுரத்தில் கமாண்டர், பீரங்கி சுடுபவர், குண்டு போட்டு வயர்லெஸ்ஸையும் பார்த்துக்கொள்கிறவர். "மேலே மூணு கதவுதானே இருக்கு?" ஆமாம். முன்னால் இருக்கும் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. கோபுரத்தில் இருக்கும் மூவருக்கும் சேர்த்து ஒன்று. "அப்ப ரெண்டு பேர் காத்திருக்கணுமா?"

அடிப்பக்கத்தில் ஒரு சிறு அவசரக் கதவு உண்டு என்று சொன்னேன். ஆனால் கோபுரத்திலிருந்து அதற்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கே தெரிந்தது. அன்று வேலை அதோடு நின்றது. குண்டு போடுகிறவர் பீரங்கிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார், அவர்தான் கடைசி. 1943-இன் பிற்பகுதிக்குப் பிறகு வந்த கோபுரங்களில்தான் அவருக்குத் தனிக் கதவு வைத்தார்கள்.

யார் அந்த ஐந்து பேர்? பெட்டிப் படத்தில் அமெரிக்கர்கள் இருப்பார்கள். ஆனால் இந்த வகை ஷெர்மன் பர்மாவில் இந்தியப் படையிடம் இருந்தது. 1945 மார்ச் தொடக்கத்தில் மெய்க்டிலா என்ற ஊரை ஜப்பானியரிடமிருந்து 17-ஆவது இந்திய டிவிஷன் பிடித்தபோது, உடன் போனது 255-ஆவது இந்திய டாங்கி பிரிகேட். அதில் புரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் என்ற இரண்டு இந்திய ரெஜிமென்ட்கள் ஷெர்மன் ஓட்டின. பர்மா என்றதும் நான் காடும் சேறுமாகப் பூச நினைத்தேன். மெய்க்டிலா இருப்பது பர்மாவின் வறண்ட பகுதி. அதனால்தான் இதன்மேல் சேறு இல்லை, வெளிறிய புழுதி. அங்கே ஜப்பானிய வீரர்கள் சிலர் தரையில் குழி தோண்டி, மடியில் விமானக் குண்டை வைத்துக்கொண்டு, கையில் கல்லோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலே டாங்கி வந்ததும் கல்லால் அடிப்பதற்காக. டாங்கியின் வயிற்றுத் தகடு பின்பக்கம் 13 மில்லிமீட்டர்தான். குழிக்குள் இருந்தவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அந்த இரண்டு ரெஜிமென்ட்களும் ஒரே பிரிகேடில் ஒன்றாகப் போர் செய்தவை. இரண்டே வருடத்தில், 1947-இல், புரோபின்ஸ் ஹார்ஸ் பாகிஸ்தானுக்குப் போனது. டெக்கான் ஹார்ஸ் இந்தியாவுக்கு வந்தது. 1965 செப்டம்பரில் அசல் உத்தர் போரில் டெக்கான் ஹார்ஸ் மறுபடியும் ஷெர்மனில்தான் நின்றது. இந்த முறை எதிரில் பாகிஸ்தான். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை எதுவும் கேட்கவில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில்: பாதி நீங்கள் சொல்வது சரி. இருபது வருடமாக நான் இவற்றை அழகுப் பொருளாகத்தான் கட்டினேன். பீரங்கி எவ்வளவு நீளம், பெயின்ட் எவ்வளவு சரி என்பதோடு என் அக்கறை முடிந்துவிட்டது. உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. ஆனால் அதை உறைக்க வைத்ததும் இதே வேலைதான். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போர் என்றால் என்ன என்று கைபேசி விளையாட்டு சொல்லித்தரவில்லை. அதில் செத்தவன் மறுபடி எழுந்துவிடுகிறான். கதவுகளை எண்ணியபோது அவளுக்குப் புரிந்தது. அதனால் இதை ஒளித்துவைப்பதைவிட, சரியாகச் சொல்லி முன்னால் வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவும் சரிதான். தேநீர் நேரத்தில் பேசுவோம்.

இந்த மாடலில் மூன்று கதவுகளும் திறந்தே இருப்பதைப் பார்ப்பீர்கள். மூடி ஒட்டுவதாகத்தான் இருந்தேன். திறந்து வைக்கச் சொன்னது மேற்பார்வையாளர். கீழே இருக்கும் அட்டையில் ஐவரும் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று அவள் கையெழுத்தில் வரைந்திருக்கிறாள். பீரங்கியைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

கடைசியாக, அபார்ட்மென்டில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பசையும் தின்னரும் மூடிய அறைக்கு ஆகாது. பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி உட்காருங்கள். பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரின் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும். மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை வேண்டாம். இது அனுபவத்தில் கற்றது, கீழ் வீட்டுக்காரருக்கு என் மன்னிப்பு. மிச்சத் தின்னரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியா. தின்னர் அதைக் கொன்றுவிடும். பிறகு நாற்றம் என்று குழுவில் எழுதி பயனில்லை. முதல் மாடலாக டாங்கி வாங்காதீர்கள். ஜீப் வாங்குங்கள், பாகங்கள் குறைவு, 83 கண்ணிகள் கிடையாது.

அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு கிளப் ஹவுசில் பெரிய மேசையைத் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். கத்தி பிடிக்கும் வேலை என்பதால் உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். நிப்பர், உப்புத்தாள், பசை என்னிடம் இருக்கின்றன. கேள்விகளை நீங்கள் கொண்டுவாருங்கள். தெரியாததைச் சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.