புறம்போக்கு என்னும் சொல்லும் பறிபோன ஏரிகளும்

(சென்னையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நகரும் நீரும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழாசிரியனுக்கும் நிலச் சட்டத்திற்கும் என்ன தொடர்பென்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் சொற்களால் ஆவது. ஒரு சொல்லின் பொருளெல்லையை எங்கே வரைகின்றோமோ, அங்கேதான் ஏரியின் எல்லையும் நிற்கும். வரையாவிடின் ஏரியும் அழியும். யான் இன்று சொல்ல வந்தது இஃதொன்றே.

நீர் நிற்கும் இடத்திற்குத் தமிழில் எத்துணைப் பெயர்கள்! ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, கேணி, மடு, கழுவெளி! இவை வெற்று அடுக்குகள் அல்ல. ஊரார் உண்ணும் நீர் நிற்பது ஊருணி. உழவுக்கு நீர் தேக்குவது ஏரி. வரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி தாங்கல். மழைநீர் பரந்து தங்கும் சதுப்பான தாழ்நிலம் கழுவெளி. ஏரி ஒன்றுக்கே வரத்துக்கால், நீர்பிடி, கரை, மதகு, கலிங்கு, போக்குக்கால் என உறுப்புதோறும் பெயருண்டு. பயனறிந்து பெயரிட்டனர் நம் முன்னோர், பயனறிந்தமையால் காத்தனர். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் காண்க. குடவோலை வழித் தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஏரி வாரியம்' அங்கே ஊராட்சியின் உறுப்பாக இருந்தது.

பின்னர் நேர்ந்தது என்ன? வரித்தண்டலையே கண்ணாகக் கொண்ட வெள்ளையராட்சியின் கணக்கேடுகளில், வரி தாராத பொதுநிலமெல்லாம் 'புறம்போக்கு' என்னும் கட்டத்துள் அடைபட்டது. வரிக்கணக்கிற்குப் புறமாகப் போனது என்பதே அச்சொல்லின் பொருள். ஏரியும் மேய்ச்சல் நிலமும் சுடுகாடும் அதனுள் அடங்கின. இன்றோ அது வசைச்சொல்! எதற்கும் உதவாதவனைப் 'புறம்போக்கு' என ஏசுகின்றோம். ஊர் முழுமைக்கும் உரிய நிலம், உரியவர் எவருமற்ற நிலமாக எண்ணப்பட்டது; கைநீண்டவர் எடுத்துக்கொண்டனர்.

சென்னையையே காணுங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பேரேரியைத் தூர்த்து 1920-களில் தியாகராயநகர் எழுந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர்கோட்டம் நிற்கும் இடமும் முன்னர் ஏரியே. வான்சிறப்பைக் கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வைத்த பெருமானுக்கு, ஏரியிருந்த இடத்திற் கோட்டம் எடுத்தோம்! வேப்பேரியின் பெயரில் ஏரி நிற்கின்றது, நிலத்தில் எங்கே?

தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி உள்ளது. முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, பின் கடல் சேரும். ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்த அந்நிலத்தை வெற்றுநிலமென்று கருதினர். குப்பை கொட்டினர், சாலை இட்டனர், தொடர்வண்டி நிலையமும் அரசு நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் எழுப்பினர். 2007-இல் 317 எக்டேர் காப்புக்காடாயிற்று. 2022-இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் இராம்சார் உடன்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துத் தெருக்களில் படகு விடவேண்டியிருந்தது. தங்க இடமற்ற நீர் வீடு புகுந்தது.

சட்டம் இல்லையா? உண்டு. நடுவணரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், அவற்றின் காவலுக்குட்பட்ட ஈரநிலங்களில் வல்வளைப்பையும் குப்பை கொட்டலையும் தடுக்கின்றன. பத்தாண்டுகளிற் கண்ட உயர்வெள்ள மட்டத்தின் நிரவலிலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிலையான கட்டடம் கூடாதென்கின்றன. நன்று! ஆனால், 'ஈரநிலம்' என்னும் சொல்லுக்கு அவ்விதிகள் தரும் விளக்கத்தைப் படியுங்கள். ஆற்றின் நீரோடுகாலும், நெல்வயலும், குடிநீருக்கெனவும் பாசனத்துக்கெனவும் மாந்தர் அமைத்த நீர்நிலைகளும் அதனின்று விலக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு ஏரி என்பது யாது? பாசனத்துக்கென மாந்தர் அமைத்ததே அன்றோ! கழுவெளிக்கு நீர் தரும் ஏரி விதிக்குப் புறத்தே நிற்க, கழுவெளி மட்டும் எங்ஙனம் வாழும்?

தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித்துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கென இயற்றப்பட்டது. ஊராட்சிக் குளமும் தாங்கலும் அதனுள் அடங்கா. ஒரே நீரோட்டத்தை இவ்வாறு துண்டு துண்டாக்கிக் காக்க முயல்கின்றோம்.

எல்லை வரையாமையின் கேட்டுக்கு அண்மைச் சான்றும் உண்டு. பள்ளிக்கரணையின் தாக்கப் பரப்பு எதுவரை என வரையறுக்கப்படாமையால், அது முடியுமட்டும் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கட்டட இசைவு வழங்கலாகாதெனப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்னக அமர்வு 2025-இல் ஆணையிட நேர்ந்தது. உரிய காலத்தே கோடு வரைந்திருப்பின், கழுவெளியும் இத்துணைச் சுருங்கியிராது. கடன்பட்டு மனை வாங்கிய எளிய குடும்பங்களும் கலங்கியிரா.

இன்னொன்று. நடுவணரசின் அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றது. ஏரிக்கரையில் வாழும் தமிழ்மகன் தன் ஏரியைக் காக்கும் விதியைத் தன் மொழியிற் படிக்க வேண்டாவா? படிக்கவியலாத சட்டத்தைக் காட்டி அவன் யாரிடம் முறையிடுவான்?

வல்வளைப்பு அகற்றம் என்றவுடன் இயந்திரம் முதலில் செல்வது எளியோர் குடிசைக்கே. கூவம், அடையாற்றங்கரை மக்களைப் பெயர்த்துச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினர். அவையும் நீர் தேங்கும் தாழ்நிலங்களே! ஏரியுள் எழுந்த அரசுக் கட்டடத்துக்கும் பெருநிறுவனத்துக்கும் ஒரு நெறி, குடிசைக்கு ஒரு நெறி என்பது முறையாகுமா?

ஆதலின், நாம் கேட்கவேண்டுவன மூன்று. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2026 முதல் 2046 வரையிலான காலத்துக்கென வகுக்கும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில், ஒவ்வோர் ஏரியும் தாங்கலும் வரத்துக்காலும் கழுவெளியும் அதனதன் தமிழ்ப் பெயரோடும் புல எண்ணோடும் எல்லையோடும் இடம்பெறல் வேண்டும். அவற்றைக் காக்கும் விதிகள் தமிழில் எழுதப்பெற்று, அந்தந்தக் கரையிலேயே பலகையாக நிற்றல் வேண்டும். ஈரநிலம் என்பதன் விளக்கத்துள் நம் ஏரியும் அடங்குமாறு விதி திருத்தப்படல் வேண்டும்.

நம் கடன் ஒன்றுண்டு. மனை வாங்குமுன் வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏரியென்றோ வாய்க்காலென்றோ இருப்பின், விலை எத்துணைக் குறைவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். வாங்குவாரில்லையேல் தூர்ப்பாருமில்லை.

ஒவ்வொருவரும் உங்கள் ஊர் நீர்நிலைகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, எல்லையோடு எழுதி வையுங்கள். நாளை அலுவலர் முன் நின்று வழக்குரைக்க அவ்வேடு உதவும்.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்நிலம்! வணக்கம்.