ஐந்தாம் மாத ஸ்கேனும் 5,132 சீவல்களும்

இந்த வாரம் மூளையைப் பத்திப் பேசப் போறோம். சாஃப்ட்வேர் எங்கேன்னு கேட்காதீங்க, நடுவுல தானா வந்துடும்.

செங்கல்பட்டா இருந்தாலும் சரி, மாமல்லபுரம் பக்கத்து மீனவ குப்பமா இருந்தாலும் சரி, நம்ம ஊர்ல கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாசம் ஒரு ஸ்கேன் உண்டு. அனாமலி ஸ்கேன். குழந்தையோட தலை, முதுகெலும்பு, இதயம் எல்லாத்தையும் பார்த்துட்டு டாக்டர் ‘நார்மல்’னு சொல்ற வரைக்கும் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற மாமியாருக்கு மூச்சு வராது.

அந்த ‘நார்மல்’ எதை வச்சு சொல்றாங்க? பெரும்பாலும் வடிவத்தையும் அளவையும் வச்சு. ஆனா அந்த மாசங்கள்லதான் மூளைக்குள்ள பெரிய இடப்பெயர்ச்சியே நடக்குது. மூளையோட நடுவுல திரவம் நிறைஞ்ச அறைகள் இருக்கு. அதோட சுவரை ஒட்டிப் பிறக்கிற நரம்பு செல்கள் அங்கிருந்து வெளிப்புறமா நகர்ந்து போய், அடுக்கடுக்கா குடியேறும். மூளையோட மேற்பட்டை உருவாகறது இப்படித்தான். அல்ட்ராசவுண்டால ஒரு தனி செல்லைப் பார்க்கவே முடியாது. எந்த வாரத்துல எந்த செல் எங்கே இருக்கணும்னு தெரியணும்னா, உண்மையான மூளையை வெட்டித்தான் பார்க்கணும்.

அந்த வேலை நமக்குப் பக்கத்துலேயே நடந்திருக்கு. கிண்டியில இருக்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல, 2022-ல் தொடங்கின சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். 2024 டிசம்பர்ல ‘தரணி’ங்கற வரைபடத்தை வெளியிட்டாங்க. கருவிலேயே இறந்த 5 சிசுக்களோட மூளை, 14 வாரத்திலிருந்து 24 வாரம் வரை. மொத்தம் 5,132 சீவல்கள், 500-க்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் பெயர் குறிச்சிருக்காங்க. சென்னை மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரெண்டும் இதுல கூட்டு.

சீவல்னா எவ்வளவு மெல்லிசு? சுமார் 20 மைக்ரான். முடியோட தடிமனை விடக் குறைவு. அந்த வயசுல மூளை இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். அப்படியே வெட்ட முடியாது, உறைய வச்சு வெட்டணும். வெட்டினது சுருண்டுடக் கூடாதுன்னு ஒட்டுற டேப்புல எடுத்துக் கண்ணாடிக்கு மாத்துவாங்க. அப்புறம் சாயம் ஏத்திப் படம் பிடிப்பாங்க.

இப்போ நம்ம ஏரியா. 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம்னு ஒரு சீவலை வச்சுக்கோங்க. ஒரு பிக்சலுக்கு அரை மைக்ரான். 80,000 பெருக்கல் 1,00,000, அதாவது 800 கோடி பிக்சல். சுருக்காம வச்சா ஒரே சீவல் 24 ஜி.பி. ஆனா ஸ்டோரேஜ் காசு விஷயம், சமாளிச்சுடலாம். நிஜமான தலைவலி, எல்லாத்தையும் திரும்ப ஒண்ணா அடுக்கறது.

மாமல்லபுரத்து ரதங்களை ஒரே பாறையில மேலிருந்து கீழே செதுக்கினாங்க. தப்பா உடைச்சா ஒட்ட முடியாது. இங்கே நேரெதிர், எல்லாத்தையும் வெட்டிட்டு அப்புறம் ஒட்டணும். ஒரு வாழைப்பழத்தை வட்ட வட்டமா நறுக்குங்க. வட்டங்களை மட்டும் கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்து, “பக்கத்து வட்டத்தோட நல்லா பொருந்தற மாதிரி அடுக்கு”ன்னு சொன்னா, நேரான குழாய் மாதிரி அடுக்கிடும். ஒவ்வொரு ஜோடியும் கச்சிதமா பொருந்தும், மொத்தப் பழம் மட்டும் தப்பு. இந்தத் துறையிலயே இதுக்குப் பேரு வாழைப்பழப் பிரச்சினைதான்! அதனாலதான் வெட்டறதுக்கு முன்னாடி எம்.ஆர்.ஐ. எடுப்பாங்க, வெட்டும்போதும் ஒவ்வொரு தடவையும் மிச்சக் கட்டியோட முகத்தைப் போட்டோ எடுப்பாங்க. வளைவு எங்கே இருந்ததுன்னு சாட்சி சொல்ல யாராவது வேணுமே.

சரி, இது செல் வரைபடம். சாயம் ஏத்தினா செல் எங்கே இருக்குன்னு தெரியும், அந்த செல்லுக்குள்ள எந்த ஜீன் வேலை செய்யுதுன்னு தெரியாது. அதுக்கு மூலக்கூறு வரைபடம் வேணும். 2015-ல் ஹார்வர்ட்ல ஷியாவெய் ஜுவாங் குழு வெளியிட்ட மெர்ஃபிஷ் முறையைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. ஒவ்வொரு ஜீனுக்கும் 16 பிட் எண் கொடுக்கறாங்க. 16 சுற்று படம் எடுப்பாங்க. ஒரு சுற்றுல அந்தப் புள்ளி ஒளிர்ந்தா 1, இல்லேன்னா 0. ஒரு பிட் தப்பாப் போனாலும் சரியான ஜீனைக் கண்டுபிடிக்க ஹாமிங் கோட்! செகண்ட் இயர்ல “இது எங்கே சார் யூஸ் ஆகும்”னு கேட்டோமே, அதேதான்.

இதை மூளை முழுக்கச் செய்யறதுக்கு முன்னாடி, எந்தப் புள்ளி எந்தப் பகுதியில இருக்குன்னு சொல்ல ஒரு அடிப்படை வரைபடம் வேணும். தெருப் பேரே இல்லாத ஊர்ல டெலிவரி பண்ற மாதிரி ஆயிடும். அதனால தரணியை நான் முதல் லேயராத்தான் பார்க்கறேன்.

அதுக்காக நாளைக்கே செங்கல்பட்டுல ஸ்கேன் ரிப்போர்ட் மாறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 5 மூளைதான், கிட்டத்தட்ட ஒரு வயசுக்கு ஒண்ணு. ஒரு ஆளை வச்சு ‘நார்மல்’ சொல்ல முடியாது. சட்டத்தையும் சேர்த்துப் பாருங்க. 2021 திருத்தத்துக்கு அப்புறம், கருக்கலைப்புக்குச் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதைத் தாண்டினா, கணிசமான குறைபாடுன்னு மருத்துவ வாரியம் சொல்லணும். 20-வது வாரத்துல “மூளையில ஏதோ சந்தேகமா இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க”ன்னு கேட்கிற ஒரு தம்பதிக்கு, அந்த ‘ஏதோ’ எவ்வளவு துல்லியமா சொல்லப்படுதுங்கறதுதான் எல்லாமே. இன்னும் நிறைய மூளை வேணும்னு நான் சொல்றது அதனாலதான். ஆனா அந்த ஒவ்வொரு மூளைக்கும் பின்னாடி, குழந்தையை இழந்த ஒரு குடும்பம் இருக்கு. அந்த நேரத்துல போய் அவங்ககிட்ட எப்படிக் கேட்கறதுங்கறது எந்த மைக்ரோஸ்கோப்பை விடவும் கஷ்டமான வேலை.

தரணியை யார் வேணும்னாலும் இலவசமா ப்ரவுசர்லயே திறந்து பார்க்கலாம். மொபைல் வேண்டாம், லேப்டாப்ல திறங்க. முதல்ல 14 வாரத்து மூளையோட மேற்பட்டையைப் பாருங்க, அப்புறம் 24 வாரத்தோடது. ஸூம் பண்ணிக்கிட்டே போங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.