அடிக்காமல் பழக்கலாம் நாய்க்குட்டியை



ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்க்குட்டிகள் நம் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னையின் அடுக்குமாடி வீடுகளுக்கு வருகின்றன. வயல்வெளியில் ஓட வேண்டிய ஜீவன் இரண்டு அறைக்குள் வளர்கிறது. கூடத்தை நனைத்தால் அடி, செருப்பைக் கடித்தால் அடி.

தியாகராய நகரிலிருந்து ஒருவர் மூன்று மாத ராஜபாளையம் குட்டியை என்னிடம் கொண்டு வந்தார். "அடிச்சுப் பார்த்தாச்சு டாக்டர், மூத்திரத்துல மூஞ்சியைத் தேய்ச்சும் பார்த்தாச்சு. என்னைக் கண்டாலே நனைச்சுடுது. எங்கேயாவது கொண்டு போய் விட்டுடலாமான்னு இருக்கோம்" என்றார். சோதித்துப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை. அவர் கையைத் தூக்கினாலே குட்டி தரையோடு ஒட்டிக்கொண்டது. பயத்தில் நனைக்கிறது, அவ்வளவுதான். யாரைக் கண்டு நடுங்க வேண்டும் என்பதை அடி கற்றுக்கொடுத்துவிட்டது. எங்கே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

உங்கள் தொழுவத்தை நினைத்துப் பாருங்கள். பால் வாளியின் சத்தம் கேட்டதுமே பசு மடி சுரக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தீவனம் வரும், கறவை நடக்கும் என்று அது தெரிந்து வைத்திருக்கிறது. நாய்க்குட்டியையும் இதே வழியில் பழக்கலாம். அதற்கான சிறு கருவிதான் 'கிளிக்கர்'. திருவிழாக் கடைகளில் 'டிக் டிக்' என்று அழுத்தி விளையாட விற்பார்களே தகரத் தவளை, அதே தத்துவம். அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், இத்தகைய பொம்மையைக் கொண்டே நாயைப் பழக்கும் விதத்தை 1951-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1990-களில் இம்முறையைப் பரப்பினார். கிளிக்கர் கிடைக்காவிட்டால் அழுத்தும் பால்பாயிண்ட் பேனாவே போதும்.

முதல் இரண்டு நாள் குட்டியிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு 'டிக்', உடனே ஒரு துண்டு தீனி. ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போதும். வேகவைத்த முட்டை அல்லது கோழிக்கறியைக் கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அந்த அளவை அன்றாடச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு, கொடுக்கவே கூடாது. பயந்த குட்டியானால் கருவியைத் துண்டில் சுற்றி அழுத்துங்கள்.

சத்தத்தைக் கேட்டதும் குட்டி உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் பாடத்தை ஆரம்பிக்கலாம். தீனியை மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். தலை உயரும், பின்பக்கம் தாழும். தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் 'டிக்', பிறகு தீனி. இரண்டு விநாடி தாமதித்தால் குட்டி எழுந்துவிடும், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். நாலைந்து நாளில், உட்காரப் போகும்போது 'உட்கார்' என்று சொல்லிப் பழக்குங்கள். பாட்டி 'உக்காரு' என்றும் பேரன் 'சிட்' என்றும் சொன்னால் பாவம், அது என்ன செய்யும்? வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று நிமிஷம் போதும்.

சிறுநீர்ப் பழக்கத்துக்கும் இதுவே வழி. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். கழித்து முடித்ததும் 'டிக்', தீனி. இரண்டு மூன்று மாதக் குட்டியால் சில மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வீட்டுக்குள் தவறிவிட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நாலு முதல் ஆறு மாதத்தில் எதையும் கடிக்கும். செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று: கூப்பிட்டு வைத்துத் திட்டாதீர்கள். பெயரைச் சொன்னதும் ஓடி வந்த குட்டிக்கு அடி விழுந்தால், நாளை உஸ்மான் சாலை நெரிசலில் கயிறு நழுவும்போது நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அது திரும்பி வராது. பாடம் நன்கு பதிந்த பின் 'டிக்' தேவையில்லை. எப்போதாவது ஒரு தீனியும், ஒரு தட்டிக்கொடுப்பும் போதும். தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் அவசியம்.

அடையாறில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணியை அடித்துத் துன்புறுத்துவதும், வளர்த்த பிராணியைக் காரணமின்றித் தெருவில் விடுவதும் அச்சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, அடியால் பலன் இல்லை என்பதாலும் கையை அடக்குங்கள்.

அந்தத் தியாகராய நகர்க் குட்டியை யாரும் எங்கும் விடவில்லை. முதல் வாரம் பாடம் நடத்தியது வீட்டுப் பாட்டிதான். ஒரு மாதம் கழித்து வந்தவர், "இப்ப நான் வந்தா வாசலுக்கு ஓடி வந்து உட்கார்ந்துக்குது டாக்டர். எனக்குத்தான் வெட்கமா இருக்கு" என்றார். அவர் கை உயர்ந்தது, தடவிக்கொடுக்க. குட்டி ஒதுங்கவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்.